பூவா, தலையா?

இணை உலகக் கதை என்றாலே எனக்கு இப்போதெல்லாம் ஓர் அயர்ச்சி வந்துவிடுகிறது. ஹாலிவுட் பல வருடங்களாக அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாயகன் போதாதென்று மூன்று நாயகர்கள் வருகிறார்கள், நகரங்கள் பாய் சுருட்டுவதுபோல் மடிகின்றன, வானம் கிழிகிறது. இரண்டரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால் காது மட்டும் ரீங்கரித்துக்கொண்டிருக்கும். யாருக்கு என்ன ஆனது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இந்த வகைக் கதைகளில் என் மனதில் தங்கிப்போனது ஒரு கார்ட்டூன்தான். மொத்தம் இருபத்திரண்டு நிமிடம். அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 2003 ஜூன் 8 அன்று ஒளிபரப்பான 'ஃபியூச்சுராமா' தொடரின் ஓர் அத்தியாயம். பெயர் 'தி ஃபார்ன்ஸ்வொர்த் பாராபாக்ஸ்'.

தொடரைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 'சிம்ப்சன்ஸ்' புகழ் மாட் க்ரோனிங்கும் டேவிட் எக்ஸ். கோஹனும் சேர்ந்து 1999இல் தொடங்கியது. ஃப்ரை என்ற பீட்சா டெலிவரிப் பையன் 1999இன் கடைசி இரவில் உறைபெட்டி ஒன்றுக்குள் விழுந்து, ஆயிரம் வருடம் கழித்து எழுந்திருக்கிறான். வேலை கிடைப்பது ஒரு கூரியர் கம்பெனியில். நடத்துபவர் ஃபார்ன்ஸ்வொர்த் என்ற தள்ளாத கிழவர். பேராசிரியர், விஞ்ஞானி, அவனுடைய அண்ணன் வம்சத்தில் வந்தவர். விண்கலத்தின் கேப்டன் லீலாவுக்கு ஒற்றைக் கண். கூட பெண்டர் என்று ஒரு ரோபோ; குடிக்கும், திருடும், பொய் சொல்லும். ஃப்ரைக்கு லீலாமேல் ஆசை. அவள் பிடி கொடுப்பதில்லை.

பேராசிரியர் சோதனைக்கூடத்திலிருந்து ஒரு மஞ்சள் பெட்டியோடு வருகிறார். உள்ளே யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, கொண்டுபோய் சூரியனில் எறிந்துவிடுங்கள் என்கிறார். திறக்காதே என்று சொல்லப்பட்ட பெட்டி திறக்கப்படாமல் போன கதை உலகத்தில் எங்காவது உண்டா? காவலுக்கு இருப்பவள் லீலா. பார்க்கலாமா வேண்டாமா என்று மனசு அலைபாய, ஒரு காசை எடுத்துச் சுண்டுகிறாள். பார் என்று விழுகிறது. தலையை விட்டவள் முழுசாக உள்ளே விழுந்துவிடுகிறாள்.

விழுந்த இடம் அதே அலுவலகம்! அதே கிழவர், அதே ஆட்கள். தலைமுடியின் நிறம் மாறியிருக்கிறது, பெண்டர் தங்க நிறத்தில் பளபளக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். அங்கிருக்கும் பேராசிரியரும் ஒரு பெட்டி செய்திருக்கிறார். அதற்குள் இருப்பது நம் உலகம். ஆக, அவர்கள் உலகம் நம் கையில், நம் உலகம் அவர்கள் கையில். எதிராளி கெட்டவனாகத்தான் இருப்பான் என்று இரண்டு பக்கமும் சந்தேகம். சந்தேகம் தீர்ந்ததும் வருவது பெயர்ச் சண்டை. எது முதல் உலகம்? இரண்டாம் நம்பர் உலகமாக இருக்க யாருக்கு மனசு வரும்? கடைசியில் ஒன்றுக்கு 'ஏ' என்றும் மற்றதற்கு '1' என்றும் பெயர் வைத்துச் சமாதானமாகிறார்கள். சங்கம் உடைந்து இரண்டான ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கு இதில் சிரிக்கக் கூடுதல் காரணம் உண்டு.

பிறகுதான் முடிச்சு அவிழ்கிறது. இரண்டு உலகத்துக்கும் ஒரே ஒரு வேறுபாடு. இங்கே பூ விழுந்த காசு அங்கே தலை விழும். பெண்டர் எந்த வண்ணம் பூசிக்கொள்வது என்று காசு சுண்டினான். அங்கே தங்கம் வந்தது, இங்கே சாம்பல். லீலா பெட்டிக்குள் பார்க்கலாமா என்று சுண்டினாள். இங்கே இவள் பார்த்தாள், அங்கே அவள் பார்க்கவில்லை. சின்ன விஷயங்கள். சிரித்துக்கொண்டே வருகிறோம். அப்போது அந்த உலகத்து ஃப்ரையும் லீலாவும் கணவன் மனைவி என்று தெரியவருகிறது. அதற்கும் ஒரு காசுதான் காரணம்.

எழுதியவரின் சாமர்த்தியம் இங்கேதான். இத்தனை வருடமாக ஃப்ரையை மறுக்க லீலாவிடம் காரணங்கள் இருந்தன. அவன் சோம்பேறி, அசடு, அழுக்குச் சட்டைக்காரன். அந்த உலகத்து ஃப்ரையும் அதே சோம்பேறி, அதே அசடு. அந்த லீலாவும் இவளைவிட இளகிய மனசுக்காரி இல்லை. ஆனாலும் அந்த இருவரும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். காரணம் என்று இவள் அடுக்கிவைத்ததெல்லாம் காசு விழுந்த பிறகு வந்து சேர்ந்தவை என்றால், சொந்த முடிவு என்று எதைச் சொல்வது? பெரிய திரைப்படங்களில் இன்னொரு உலகத்து நாம் சக்கரவர்த்தியாகவோ அரக்கனாகவோ இருப்போம். அதைப் பார்த்து வியக்கலாம், வலிக்காது. நம்மைப் போலவே இருந்து, ஒரு விஷயத்தில் மட்டும் நம்மைவிடக் கொஞ்சம் நன்றாக இருக்கும் ஆள்தான் நம்மைத் தூங்கவிட மாட்டான்.

எங்கள் வீட்டுக்கு இது புதிதில்லை. என் சித்திக்கு ஒரே சமயத்தில் இரண்டு வரன் வந்தது. ஒருவர் தூத்துக்குடியில் உப்பளத்தில் கணக்குப் பார்ப்பவர், இன்னொருவர் ஜாம்ஷெட்பூரில் இரும்பாலை வேலைக்காரர். தாத்தாவுக்கு ஒருவர், பாட்டிக்கு மற்றவர். பேசிப் பேசி முடியாமல், அம்மன் கோயிலில் பூக் கட்டிப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்பை ஒரு பொட்டலமாகவும் மடித்து சன்னிதியில் போட்டார்கள். விவரம் தெரியாத குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது வழக்கம். அந்தக் குழந்தை நான்தான். சிவப்பு வந்தது. சித்தி ஜாம்ஷெட்பூர் போனார்.

இந்த அத்தியாயத்தை ஒருநாள் என் மகன் சித்திக்குப் போட்டுக் காட்டினான். பாதி புரிந்ததோ முழுக்கப் புரிந்ததோ, அந்தக் கல்யாண விஷயத்தில் மட்டும் சரியாகச் சிரித்தார். "பாட்டி, வெள்ளைப் பூ வந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டான் அவன். சித்தி யோசிக்கவே இல்லை. "எனக்கு ஹிந்தி தெரிஞ்சிருக்காது" என்றார். அவன் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

இந்தக் கற்பனைக்குப் பின்னால் நிஜமான இயற்பியல் ஒன்று இருக்கிறது. ஹ்யூ எவரெட் என்ற மாணவர் 1957இல் பிரின்ஸ்டனில், ஜான் வீலரிடம் செய்த முனைவர் பட்ட ஆய்வு அது. ஓர் அணுத்துகள் இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம் என்ற நிலையில் இருக்கும்போது நாம் அளந்து பார்த்தால் ஒரு விடைதான் கிடைக்கிறது. மற்ற விடை எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, இன்னொரு கிளையில் இன்னொரு நாம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார் எவரெட். அதை ஏற்கவைக்க 1959இல் கோபன்ஹேகனுக்குப் போய், குவாண்டம் இயற்பியலின் மூத்தவரான நீல்ஸ் போரைச் சந்தித்தும் பலனில்லை. எவரெட் அதற்கு முன்பே பென்டகனுக்கு வேலைக்குப் போயிருந்தார், அணு ஆயுதப் போரின் கணக்குகளைப் போட. 1982இல், 51 வயதில் இறந்தார். தன் சாம்பலைக் குப்பையில் போட்டுவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். குடும்பத்தார் அப்படியே செய்தார்கள். எல்லாக் கிளைகளும் நிஜம் என்று நம்பிய மனிதருக்கு இந்தக் கிளை அவ்வளவு தாராளமாக அமையவில்லை.

கறாரான இயற்பியல்காரர் ஒருவர் இந்த இடத்தில் குறுக்கிடலாம். சுண்டிய காசு எப்படி விழும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கட்டைவிரலின் வேகம். அணுத்துகளின் விசித்திரத்தை அதன்மேல் ஏற்ற முடியாது என்பார். நியாயம்தான். ஆனால் துகளைக் காட்டி யாரையும் சிரிக்க வைக்க முடியாது.

ஓர் உலகத்துக்குள் இன்னோர் உலகம் என்பது நமக்கும் பழைய சங்கதி. ஞானவாசிட்டத்தில் வசிட்டர் இராமனுக்குச் சொல்லும் கதைகளில் ஒன்று: கணவன் பத்மன் இறந்ததும் அவன் மனைவி கலைமகளை வேண்டுகிறாள். அவன் உடல் கிடக்கும் அந்த அறைக்குள்ளேயே இன்னோர் உலகம் இருப்பதையும், அங்கே அவன் வேறொரு நாட்டை ஆள்வதையும் தேவி காட்டுகிறாள். அந்த அரசியின் பெயர் லீலை! கார்ட்டூன் லீலாவின் பெயர், பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியானின் 'துரங்கலீலா' சிம்பொனியிலிருந்து வந்தது. ஞானவாசிட்டம் அந்த எழுத்தாளர்களின் மேஜையில் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. தற்செயல்தான். தற்செயலைப் பற்றிய கதையில் இப்படி ஒன்று அமைந்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

கதைக்குத் திரும்பினால், பேராசிரியர் நிறையப் பெட்டிகள் செய்துவைத்திருக்கிறார், அவற்றைத் திருடிக்கொண்டு ஒரு கூட்டம் ஓடுகிறது, பெட்டிக்குப் பெட்டி தாவித் துரத்துகிறார்கள். கண்களே இல்லாத மனிதர்கள், ரோமானியர்கள், தலையாட்டும் பொம்மைகள் என்று ஒவ்வோர் உலகமும் சில நொடிகள். ஒரு திரைப்படமாக இருந்தால் ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். இவர்களுக்கு ஒரு சிரிப்பு போதும், கதவைச் சாத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள்.

அந்தத் தலையாட்டும் பொம்மைகளின் உலகத்துக்கு எண் 1729.

கும்பகோணத்து வாசகர்களுக்கு அந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் பட்னியில் நோயோடு படுத்திருந்த கணித மேதை இராமானுஜனைப் பார்க்க, கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி ஒரு டாக்ஸியில் போனார். வண்டி எண் 1729, சுவாரஸ்யமில்லாத எண் என்றார். இல்லவே இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று இராமானுஜன் படுக்கையிலிருந்தே பதில் சொன்னார். 1இன் கனமும் 12இன் கனமும் ஒரு விதம். 9இன் கனமும் 10இன் கனமும் இன்னொரு விதம். ஃபியூச்சுராமா எழுத்தாளர்களுக்கு இந்த எண்மீது தீராத மோகம். பெண்டருக்கு வரும் ஒரு வாழ்த்து அட்டையில் அவன் 1729ஆம் எண் மகன். ஒரு விண்கலத்தின் எண்ணிலும் அது வரும். 2007இல் வந்த படத்தில் ஒரு டாக்ஸிக்கு 87539319 என்று எண் கொடுத்தார்கள். அது மூன்று விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண். அந்தக் குழுவில் கென் கீலர் கணிதத்தில் முனைவர். இந்த அத்தியாயத்தை எழுதிய பில் ஓடன்கிர்க் வேதியியலில் முனைவர். இவ்வளவு படித்தவர்கள் சேர்ந்து செய்வது கார்ட்டூன் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. கூட்டம் போட்டு உபதேசம் செய்யாமல் இருக்கிறார்களே.

காசு சுண்டும் கதையில் இராமானுஜனுக்கு ஓர் உலகம் ஒதுக்கியது வேண்டுமென்றே செய்ததா என்று எனக்குத் தெரியாது. பொருத்தம் மட்டும் அபாரம். சென்னைத் துறைமுகக் கழக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாக இருந்தவர், 1913 ஜனவரி 16 தேதியிட்டு ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். கேம்பிரிட்ஜின் வேறு இரண்டு கணித அறிஞர்களுக்கு அதற்கு முன் எழுதியது வீணாகியிருந்தது. மூன்றாவது உறையைப் பிரித்த ஹார்டியும் யாரோ ஏமாற்றுக்காரன் என்றுதான் முதலில் நினைத்தார். அன்றிரவு சக கணித அறிஞர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தார். அந்த மறுபடியில்தான் எல்லாம் இருக்கிறது. பிறகும் தடங்கல். கடல் கடந்து வர முடியாது என்று இராமானுஜன் முதலில் மறுத்துவிட்டார். 1914இன் தொடக்கத்தில் சென்னைக்கு வந்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் நெவில், வாருங்கள் என்று நேரில் அழைத்தபோது பதில் மாறியிருந்தது. மார்ச்சில் கப்பல் ஏறினார்.

எத்தனை இடத்தில் காசு மறுபக்கமாக விழுந்திருக்கலாம்! அப்படி விழுந்த உலகத்தில் ராயல் சொசைட்டி உறுப்பினர் இராமானுஜன் இல்லை, அந்த டாக்ஸி வண்டியில் வெறும் எண்தான் ஓடுகிறது, பொம்மைகளின் உலகத்துக்கு வேறு ஏதோ நம்பர். இதுவரை நினைத்துப் பார்ப்பதை நாம் எல்லோரும் செய்கிறோம். காசின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். போர்க்கால இங்கிலாந்தின் குளிரும், சைவச் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடும், தனிமையும் அவர் உடம்பைக் குலைத்தன. 1919இல் திரும்பினார், 1920 ஏப்ரல் 26 அன்று இறந்தபோது வயது 32. காசநோய் என்றார்கள், பிற்காலத்தில் குறிப்புகளை ஆராய்ந்த ஒரு மருத்துவர் ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்றார். மனைவி ஜானகி 1994 வரை சென்னையில் வாழ்ந்தார். ஹார்டி கடிதத்தைக் கிழித்துப் போட்ட உலகம் கணிதத்துக்கு நஷ்டம். அந்த உலகத்து ஜானகிக்கு எப்படியோ, அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். என் சித்தியைப் போல அவரும் ஒரே வரியில் முடித்திருக்கலாம்.

ஃபாக்ஸ் 2003 ஆகஸ்டோடு இந்தத் தொடரை நிறுத்தியது. பிறகு குறுந்தகட்டுப் படங்களாக ஒருமுறை, வேறு சேனலில் ஒருமுறை, இணையத்தில் ஒருமுறை என்று அது செத்துச் செத்துப் பிழைத்தது. எல்லாவற்றையும் பார்க்கச் சொல்ல மாட்டேன். பின்னால் வந்தவற்றில் சில சுமார் ரகம். இந்த ஓர் அத்தியாயத்தை, தொடரை முன்பின் அறியாதவர்களும் தாராளமாகப் பார்க்கலாம். தலையாட்டும் பொம்மைகள் வரும்போது மட்டும் தேநீர் எடுக்க எழுந்துவிடாதீர்கள். திரும்பி வருவதற்குள் 1729 போயிருக்கும்.