கூலிங் சார்ஜ் ரெண்டு ரூபாய்

போன ஞாயிறு சாயங்காலம் பேத்தியுடன் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு சின்ன ஐஸ்கிரீம் கடைக்குப் போனேன். அவள் கேட்டது வெனிலா கப். மூடியில் 20 ரூபாய் என்று இருந்தது. கடைக்காரர் 22 கேட்டார். "ரெண்டு ரூபாய் கூலிங் சார்ஜ் சார்." பேசாமல் கொடுத்துவிட்டேன்.

திறந்தால் மேலெல்லாம் ஐஸ் துகள். ஒருமுறை உருகி மறுபடி உறைந்தால்தான் இப்படி நறநறவென்று ஆகும். மாற்றித் தரச் சொன்னேன். "எல்லாம் அப்படித்தான் இருக்கும்" என்றார், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே. சரியாகக் குளிர வைக்காத ஐஸ்கிரீமுக்குக் குளிர வைத்த கூலி!

எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்டப்படி குற்றம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? முப்பது வருஷம் சிப்காட் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாடு பார்த்தவன். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் சரக்கைத் திருப்பி அனுப்பியவன். அன்றைக்கு மட்டும் எதற்கு வம்பு என்று வந்துவிட்டேன்.

வரும் வழியில் பேத்தி கேட்டாள்: "அந்த அங்கிள் பண்ணினது தப்புதானே தாத்தா? நீங்க ஏன் சும்மா வந்தீங்க?"

நாளை அந்தக் கடைக்கு மறுபடி போகப்போகிறேன். அவளையும் கூட்டிக்கொண்டுதான்.