அடி தெரியும்வரை

நீச்சல் தடாகம் என்ற சொல்லை ஊரில் நாங்கள் பத்திரிகையில் மட்டும்தான் கண்டிருக்கிறோம். எங்கள் வயதுக்காரருக்கு யாழ்ப்பாணத்தில் நீச்சல் பழகக் கிடைத்தவை தோட்டக் கிணறும் கோயில் கேணியும். கீரிமலைக் கேணி உயர் பாதுகாப்பு வலயத்தின் பக்கம் கிடந்தது. நினைத்த நேரத்தில் போய்க் குதிக்க முடியாது. ஆகவே ஒரு தீவில் பிறந்தும் நீந்தத் தெரியாதவர்களாகவே ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தோம். இங்கே நாங்கள் தண்ணீருக்குள் இறங்குவது வருடத்தில் ஒருநாள், ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தீர்த்தத்தன்று, அதுவும் கால்வாயின் கரையை விட்டு விலகாமல்.

இப்படிப்பட்ட எங்களிடம்தான் 2020 யூன் மாதம் எங்கள் முதலாளி தன் வீட்டுத் தடாகத்தை ஒப்படைத்தார்.

நாங்கள் மூன்று பேர். ஒரே குசினி. ஒருவர் அடுப்பில், ஒருவர் சலாட், ஒருவர் கோப்பை கழுவுவது. கொரோனாவினால் றெஸ்ரோரண்ட் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. அடுப்பில் நின்ற அண்ணைக்கு அரசாங்கம் சம்பளத்தின் 60 வீதத்தைக் கொடுத்தது. மற்ற இருவரும் 450 யூரோ வேலைக்காரர். அந்த வகை வேலைக்கு அந்தக் காசு கிடையாது. திறந்த பிறகும் பாதி மேசைதான். முதலாளி கூப்பிட்டு, "மணித்தியாலத்துக்குப் பத்து யூரோ தருகிறேன். அடுத்த சனிக்கிழமை பேத்தியின் பிறந்தநாள். அதற்குள் தடாகம் நீலமாக வேண்டும்" என்றார். சட்டப்படியான ஆகக்குறைந்த கூலி அப்போது 9.35. தாராள மனசுதான்.

போய்ப் பார்த்தோம். எட்டு மீற்றர் நீளம், நாலு மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் ஆழம். கணக்குப் பார்த்தால் 48,000 லீற்றர். மின்சாரச் செலவுக்குப் பயந்து பம்பை நிறுத்திவைத்திருந்தார். மே மாதத்து வெயில் மிச்சத்தைச் செய்துவிட்டது. கீரைக்கடையல் நிறத்தில் தண்ணீர், விளிம்பில் கைவைத்தால் வழுக்கியது. "எங்கட வீட்டுக் கிணத்துத் தொட்டி மாதிரிக் கிடக்குது" என்றார் அண்ணை.

எங்களில் ஒருவர் யாழ் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனவர். அந்த ஒருவர் ஆர் என்று சொல்லத் தேவையில்லை. முடிக்காத படிப்பு இந்த நாட்டில் எந்தக் கந்தோரிலும் செல்லுபடியாகவில்லை. அந்தத் தடாகக் கரையில் ஒரு கிழமை செல்லுபடியானது.

முதலாளி பல வருடமாக மெதுவாகக் கரையும் குளோரின் குளிசைகளை மிதக்கவிட்டு வந்திருக்கிறார். அந்தக் குளிசையில் குளோரினை வெயிலிலிருந்து காப்பாற்ற சயனூரிக் அமிலம் சேர்த்திருப்பார்கள். குளோரின் செலவாகிவிடும், அமிலம் செலவாகாது. வருடாவருடம் சேர்ந்துகொண்டே போகும். அளவு மிஞ்சினால் குளோரின் இருந்தும் இல்லாத மாதிரித்தான்: சோதிக்கும் கடதாசியில் நிறம் காட்டும், பாசியை மட்டும் கொல்லாது. இதற்கு மருந்தில்லை. தண்ணீரில் ஒரு பங்கை வெளியே விட்டுப் புதுத் தண்ணீர் சேர்க்கவேண்டும்.

மூன்றில் ஒரு பங்கை, 16,000 லீற்றரை, கழிவுக் குழாய்க்குள் விட்டோம். எங்களில் மற்றவர், சலாட் வெட்டுகிற தம்பி, 2009இல் மெனிக்பாமில் இருந்தவர். முகாம்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆகக்குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் வேண்டும் என்பது சர்வதேச நியமம். அதன்படி அன்று நாங்கள் கொட்டியது ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் ஒரு நாள் தண்ணீர். தம்பி அதைச் சொல்லவில்லை. குழாயின் நுனியைப் பிடித்தபடி கன நேரம் பேசாமல் நின்றார். பவுசர் தண்ணீரில் வந்த குளோரின் மணம்தான் தடாகத்திலும் அடிக்கிறது என்று மட்டும் சொன்னார். கணக்கு நாங்கள் பிறகு போட்டது.

பிறகு பீ.எச் பெறுமானம். 8.2 காட்டியது. குளோரின் தண்ணீரில் எந்த உருவத்தில் நிற்கும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. 7.2 இல் மூன்றில் இரண்டு பங்களவு கிருமி கொல்லும் உருவத்தில் நிற்கும், 8 இல் கால்பங்குதான். இதைத் தெரியாமல் வாளி வாளியாகக் கொட்டுகிறவர்கள் காசைத்தான் கரைக்கிறார்கள். பெரிய இடத்திலும் பிழைவிடுவார்கள். 2016 ஓகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கில் பாய்ந்து நீந்தும் தடாகம் உலகமே பார்த்துக்கொண்டிருக்கப் பச்சையானது. ஒப்பந்தக்காரர் 160 லீற்றர் ஐதரசன் பேரொட்சைட்டை ஊற்ற, அது குளோரினைச் செயலிழக்கச் செய்துவிட்டது. பக்கத்துத் தடாகத்தின் 37 இலட்சம் லீற்றர் தண்ணீரை இறைத்து மாற்றித்தான் மானத்தைக் காப்பாற்றினார்கள்.

சுவரைத் தேய்த்தோம், இலைகளை வலையால் அள்ளினோம், பீ.எச்சை இறக்கிவிட்டு இரவில் குளோரினைக் கூட்டிப் போட்டோம். மண்வடியை இரவுபகலாக ஓடவிட்டு, அழுத்தம் ஏற ஏறப் பின்பக்கமாகக் கழுவினோம். வியாழக்கிழமை பச்சை போய்விட்டது. முதலாளி கைகொட்டினார். ஆனால் தண்ணீர் நீலமாகவில்லை, பால் கலந்த தேத்தண்ணி மாதிரி மங்கலாக நின்றது. செத்த பாசி. மண்ணில் தங்காத அளவுக்கு நுண்ணியது.

இதற்கு எங்கள் ஆச்சிமாரிடம் வழி இருந்தது. கலங்கிய தண்ணீர்ப் பானையின் உட்பக்கத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்துவிட்டால் ஊத்தை ஒன்றோடொன்று ஒட்டிப் பாரமாகி அடியில் படியும். படிகாரமும் அப்படித்தான். ஜேர்மன்காரன் போத்தலில் அடைத்து விற்கிற திரட்டும் மருந்தும் படிகாரத்தைப் போல ஒரு அலுமினிய உப்புத்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஊற்றிக் கலக்கி, பம்பை நிறுத்திவிட்டு, விடியும்வரை ஒருவரும் தொடக்கூடாது என்று சொல்லிப்போட்டுப் போனோம்.

முதலாளி நடுச்சாமத்தில் எழும்பி, நாங்கள் மறந்துவிட்டோம் என்று நினைத்துப் பம்பைப் போட்டிருக்கிறார். படிந்ததெல்லாம் திரும்பக் கிளம்பிவிட்டது.

சனிக்கிழமை பத்து மணிக்கு நாங்கள் போனபோது மரத்தில் பலூன் கட்டியிருந்தது. ஐந்து பிள்ளைகள், கையில் காற்றடித்த வளையங்களோடு. முதலாளி சோதனைக் கடதாசியைக் காட்டினார். "எல்லா அளவும் சரி. கொஞ்சம் மங்கல்தானே."

அண்ணை குசினியிலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் தட்டொன்றை ஆழமான பக்கத்தில் கைவிட்டார். அது போன இடம் தெரியவில்லை.

"செவ், தட்டு எங்கே கிடக்கிறது என்று சொல்லுங்கள்" என்றார் டொச்சில். பதினொரு வருடமாக அந்த மனிசன் முதலாளியிடம் 'யா' என்பதைத் தவிர வேறு சொல் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. "தட்டு தெரியும்வரை பிள்ளைகள் இறங்கக்கூடாது."

"இது என்னுடைய வீடு" என்றார் முதலாளி.

அண்ணை படியில் நின்றபடி நின்றார். நாங்களும் பக்கத்தில் போய் நின்றோம். விசாவும் வேலையும் ஒன்றோடொன்று முடிச்சுப்போட்டிருந்த காலம். கால் நடுங்கவில்லை என்று எழுதினால் பொய்.

அண்ணை ஏன் அப்படி நின்றார் என்பது எங்களுக்குத் தெரியும். 2008 கார்த்திகையில் நிஷா புயல் வெள்ளம் யாழ்ப்பாணத்தை மூடியது. ஏ9 பூட்டியிருந்த காலம், எதற்கும் தட்டுப்பாடு. அண்ணையின் அக்காவின் மகன், ஏழு வயசு, பக்கத்து வளவுக்குள்ளால் குறுக்கே நடந்து வந்திருக்கிறான். அந்த வளவில் ஆளில்லை. வீட்டுக்காரர் எண்பதுகளிலேயே வெளிநாடு. கிணற்றின் கட்டு இடிந்து, வெள்ளம் நிலமட்டத்துக்கு ஏறி, கிணறு எது வளவு எது என்று தெரியாமல் ஒரே செம்மண் தண்ணீர். கம்பசிலிருந்து நாங்கள் சிலர் உதவிக்குப் போனோம். இரண்டு பம்பை வைத்து மண்ணெண்ணெய் முடியும்வரை இறைத்தோம். இறைக்க இறைக்க ஊறியது. அந்தத் தண்ணீரை ஒரு பகலும் ஒரு இரவும் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே என்ன இருக்கிறது என்று அது காட்டவேயில்லை. கடைசியில் கரையூரிலிருந்து ஒரு சுழியோடி வந்து தடவித்தான் எடுத்தார்.

இதையெல்லாம் முதலாளிக்கு டொச்சில் சொல்ல எங்களிடம் சொல் இருக்கவில்லை. பிள்ளையின் தாய், முதலாளியின் மகள், வந்து குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். தன் கையை முழங்கைவரை விட்டாள். விரல் தெரியவில்லை. ஒன்றும் பேசாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எங்களுக்குக் கேக் கிடைக்கவில்லை. ஆனால் பின்னேரம் அவளே ரெலிபோன் எடுத்து, தொடங்கியதை முடித்துத் தரும்படி கேட்டாள். அன்றிரவு மருந்தைத் திரும்ப ஊற்றினோம். பம்பின் ஆளியில் தமிழிலும் டொச்சிலும் 'தொடாதே' என்று எழுதி ஒட்டினோம். தமிழ் ஆருக்கு என்று கேட்காதீர்கள். ஞாயிறு காலை அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பாய் விரித்த மாதிரிப் படிந்திருந்தது. கலங்காமல் உறிஞ்சு குழாயை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, வடிக்குள் விடாமல் நேரே கழிவுக் குழாய்க்கு அனுப்பினோம். மத்தியானம் தட்டு தெரிந்தது. விளிம்பில் இருந்த வெடிப்புக்கூடத் தெரிந்தது.

முதலாளி இரண்டு கிழமை அண்ணையோடு கதைக்கவில்லை. மூன்றாம் கிழமை உப்புக் கூடிப்போச்சு என்று ஏசினார். அதோடு எல்லாம் பழையபடி.

தட்டு தெரிந்த அன்றிரவே நாங்கள் ஊருக்கு எடுத்தோம். எங்கள் மூன்று பேரின் வளவிலும் கிணறு உண்டு. இரண்டு வளவில் இப்போது ஒருவரும் இல்லை.

"கிணத்துக்கு மேலை என்ன கிடக்குது, மாமி?"

"என்ன கிடக்கிறது, தம்பி? தகரம் ஒண்டு கிடந்தது. அதையும் ஆரோ கொண்டுபோட்டாங்கள்."

கம்பிவலை அடிக்க என்ன முடியும் என்று கேட்டோம். மேசனிடம் விசாரித்துச் சொல்கிறேன் என்றா. பிள்ளைகள் அந்தப் பக்கம் வாறவையோ என்றும் கேட்டோம்.

"விளாம்பழ காலத்திலை வருவினம்" என்றா மாமி.