கல்லூரிக்கு ஒரு தொலைகாட்டி

விழா ஆண்டிலே கல்லூரிக்குத் தொலைகாட்டி ஒன்று வழங்குவதெனப் பழைய மாணவராகிய நாம் தீர்மானித்தது எளிதாயிற்று. எதை வழங்குவது என்பதே நம்மைப் பல வாரம் வாட்டியது. சந்திரனையும் சனியின் வளையத்தையும் கண்டு மகிழ்வதோடமையாது, நெபுலாக்களையும் தூர அண்டங்களையும் மாணவர் படம்பிடித்தல் வேண்டுமென்பது நம் அவா.

அன்பர் சிலர் எட்டங்குல ஆடித் தொலைகாட்டியே வேண்டுமென்றனர். கண்ணாற் பார்ப்பதற்கு அதுவே மேலானது என்பதில் ஐயமில்லை. படம்பிடித்தலோ வேறு கலை. அந்திரொமீடா அண்டம் வானில் ஏறத்தாழ 3 பாகை, அதாவது ஆறு பூரண சந்திரரை வரிசையாக வைத்த நீளம், பரந்து கிடப்பது. 1000 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள அவ்வாடியோடு, நமக்கு வாய்த்த 23 மில்லிமீற்றர் அகல உணரியுடைய கமெராவைப் பொருத்தினால் அதிற் பாதியும் அடங்காது. 480 மில்லிமீற்றர் குவியத்தூரமும் 80 மில்லிமீற்றர் வாயுமுள்ள வில்லைத் தொலைகாட்டி பெரும்பகுதியைக் கொள்ளும். அதுவும் நிறப்பிறழ்ச்சி நீக்கிய நல்வில்லையாதல் வேண்டும். மலிவான வில்லை ஒளிமிக்க விண்மீன்களைச் சுற்றி நீலப்புகை பூசிவிடும். ஐந்நூறு மடங்கு பெருக்குமென்று பெட்டியில் அச்சிட்டு விற்பவற்றைப்பற்றி நாம் பேசவில்லை.

இவற்றினும் பெரிது தாங்கி. பூமியின் சுழற்சியால் விண்மீன்கள் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்வனபோல் தோன்றும். அவற்றைத் தொடர்ந்து செல்லும் தாங்கியின் அச்சு வடதுருவத்தை நோக்கி நிற்றல் வேண்டும். யாழ்ப்பாணத்திலே துருவ நட்சத்திரம் அடிவானுக்கு மேல் ஏறத்தாழப் பத்துப் பாகையிற்றான் நிற்கின்றது. மறைப்பதற்குப் பனை வடலி ஒன்றே போதும். சில தாங்கிகள் அவ்வளவு தாழச் சாயா. சாய்ந்தாலும் எதிர்நிறைத் தண்டு முக்காலியின் காலில் முட்டும். இலண்டன் வாசிகளுக்கு இத்தொல்லை இல்லை. ஆனால் அவர்கள் தம் ஊரிலிருந்து காணவே இயலாத ஒமேகா சென்டோரி நமக்கு 33 பாகை வரை எழுகின்றது; கரீனா நெபுலாவும் சித்திரை மாதத்து இரவு ஒன்பது மணியளவில் தென்வானில் 20 பாகையில் நிற்கின்றது.

ஆகவே திரட்டிய பணத்திற் பாதிக்குமேல் தாங்கிக்கே ஒதுக்கினோம். கொடையாளர் பெயர் பொறிக்கவும் இடம் போதாத சிறுகுழாய்க்கு இத்துணைச் செலவா என ஓர் அன்பர் வினவினார். பெயர்களைப் பெட்டியிற் பொறிக்கலாம் என விடையிறுத்தோம். கடற்காற்றும் ஈரமும் வில்லையிற் பூஞ்சணத்தை வளர்க்குமாதலின், சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாப் பெட்டி எவ்வாறும் வேண்டியதே. விளையாட்டுத்திடலின் தென்மூலையில், முக்காலிக்குப் பதிலாக, சீமெந்துத் தூண் ஒன்று எழுப்ப அதிபர் அவர்கள் இசைந்துள்ளார்கள்.