ஒருவனையே பார்க்காதீர்கள்



நமக்கு வயது ஐம்பத்தாறு. வாளேந்திப் போர் புரியும் பருவம் அன்று. ஆயினும் சென்ற ஆண்டுக் கோடையில் ஏறக்குறைய மூன்று வாரங்கள் நாம் வாளும் கேடயமும் தாங்கிப் போரிட்டோம், நாள்தோறும் பலமுறை வெட்டுண்டு மாண்டோம், மீண்டும் எழுந்தோம். இஃது என்ன கதை என்று நகைக்க வேண்டா. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஓய்வு கொள்ளுமாறு மருத்துவர் பணித்தமையால், நம் தமக்கையார் இல்லத்தில் தங்க நேர்ந்தது. அங்கே தொலைக்காட்சித் திரையில், வீடியோ விளையாட்டு ஒன்றில் நிகழ்ந்த போரையே குறிப்பிடுகிறோம்.

தமக்கையாரின் இளைய மகனுக்கு அப்போது இருபத்தொரு வயது. பொறியியற் கல்லூரியில் மூன்று தாள்களில் தவறியிருந்தான். அந்த மூன்று அரியர்களையும் ஒரே பருவத்தில் மீண்டும் எழுதி, மூன்றிலும் மீண்டும் தவறினான். அதன்பின் வீட்டில் எவரோடும் பேசுவதில்லை. உணவும் உறக்கமும் அறைக்குள்ளேயே. "தம்பி, நீ சொன்னால் கேட்பான், கொஞ்சம் புத்தி சொல்" என்று தமக்கையார் கண்கலங்கினார். நாமும் சொன்னோம். முதல் நாள் அரை மணி நேரம் கல்வியின் பயனை எடுத்துரைத்தோம். அவன் திரையினின்றும் கண்ணை எடுக்கவில்லை. மறுநாள் சொல்வதற்கு நம்மிடம் புதிதாக ஒன்றும் இல்லை. "எங்கே, அதை இப்படிக் கொடு, பார்ப்போம்" என்றோம். அவன் ஒருகணம் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, கன்ட்ரோலரை நம் கையில் வைத்தான்.

அவ்விளையாட்டின் பெயர் 'டார்க் சோல்ஸ்'. இருண்ட ஆன்மாக்கள் என்று பொருள்படும் இப்பெயரைக் கேட்டுப் பெற்றோர் திடுக்கிட வேண்டா. ஜப்பானிய நிறுவனமாகிய ஃப்ரம்சாஃப்ட்வேர் 2011ஆம் ஆண்டு இதனை வெளியிட்டது. 2018இல் புதுப்பித்த பதிப்பும் வந்தது. நாம் ஆடியது அப்பதிப்பே. பாழடைந்த கற்பனை நாடு ஒன்றில் சாவில்லாச் சாபம் பெற்ற ஒருவனாக நாம் நடமாட வேண்டும். இடையிடையே தீமூட்டங்கள் உள்ளன. அங்கே அமர்ந்தால் காயம் ஆறும். மருந்துக் குடுவை நிரம்பும். ஆனால் நாம் வென்று வந்த சாதாரணப் பகைவர் அனைவரும் மீண்டும் உயிர்பெற்றுத் தத்தம் இடத்தில் நிற்பர். நாம் மாண்டால், ஈட்டிய செல்வமெல்லாம் மாண்ட இடத்திலேயே கிடக்கும். அவ்விடத்தை மீண்டும் அடைந்தால் எடுத்துக்கொள்ளலாம். வழியில் இன்னொரு முறை மாண்டால் அது போனது போனதுதான்.

ஒரு பகைவனோடு தனித்துப் போரிடுவது சில நாள்களில் நமக்குக் கைவந்தது. அவன் வாளோங்கும்போது கேடயத்தை உயர்த்துவதும், அவன் ஓய்ந்தபோது வீசுவதும் கற்கக்கூடியவையே. இருவர் மூவராக வந்தபோதுதான் நம் வீரம் வெளுத்தது. சாவிலிகளின் நகர்ப்புறம் என்றொரு பகுதி உண்டு. அங்கே எதிரே வாளேந்திய வீரர் வர, மேலிருந்து வேறு சிலர் தீக்குண்டுகளை எறிவர். ஒருவனை நாம் ஏறக்குறைய வீழ்த்திவிட்ட தறுவாயில் முதுகில் ஒரு வெட்டு விழும். திரும்புவதற்குள் பக்கவாட்டில் மற்றொன்று. ஒரே மாலையில் அவ்விடத்தில் பதினேழு முறை மாண்டோம். எண்ணியவன் மருமகன், நாமல்ல.

இதற்குக் காரணம் நம் முதுமை என்றே கருதியிருந்தோம். அவ்விளையாட்டில் 'லாக் ஆன்' என்றொரு வசதி உண்டு. கன்ட்ரோலரின் வலப்பக்கக் குமிழை அழுத்தினால் நம் பார்வை ஒரு பகைவன்மீது பூட்டிக்கொள்ளும். நாம் எத்திசையில் நகர்ந்தாலும் நம் முகம் அவனையே நோக்கியிருக்கும். தனிப்போருக்கு இது பெருந்துணை. பலரோடு போரிடும்போதோ, இதுவே நம் கண்ணைக் கட்டிவிடும் துணி. பூட்டப்பட்டவன் ஒருவன், நம்மைக் கொல்பவன் மற்றொருவன்.

எட்டாம் நாள் என்று நினைவு. நமக்குப் பின்னால் கட்டிலில் படுத்திருந்த பையன், நாம் மாண்ட ஓசை கேட்டு எழுந்தமர்ந்தான். "மாமா, ஒருவனையே பார்க்காதீர்கள்" என்றான். அத்தனை நாளில் அவனாக நம்மிடம் பேசிய முதற்சொல் அதுவே.

அன்றுமுதல் அவன் ஆசிரியன், நாம் மாணவன். கூட்டத்தைக் கண்டதும் முதலில் பூட்டை அவிழ்க்க வேண்டும். பின்வாங்கி, எத்தனை பேர் உளர், எங்கு உளர் என்று பார்க்க வேண்டும். வாய்ப்பிருந்தால் தொலைவிலிருந்து ஓர் அம்பெய்து ஒருவனை மட்டும் தனியே வரச் செய்யலாம். இல்லையேல் குறுகிய வாயிலிலோ படிக்கட்டிலோ நின்றுகொள்ள வேண்டும். அங்கே அவர்கள் ஒருவர்பின் ஒருவராகத்தான் வர இயலும். யாவற்றிலும் அவன் வற்புறுத்தியது திரையின் மேல் இடப்பக்கத்திலுள்ள பச்சைக் கோட்டைப் பற்றி. அது நம் மூச்சு வலிமை. வாள்வீச்சும், ஓட்டமும், உருளலும் அதனைக் குறைக்கும். கேடயத்தில் அடி தாங்குவதும் குறைக்கும். அது தீர்ந்த நிலையில் அடி விழுந்தால் கேடயம் விலகி நாம் தள்ளாடி நிற்போம். கேடயத்தை உயர்த்தியே வைத்திருந்தால் கோடு மெதுவாகத்தான் நிரம்பும். தாழ்த்தினால் விரைவில் நிரம்பும். "எப்போதும் காத்துக்கொண்டே இருந்தால் களைத்துப்போவீர்கள், மாமா" என்றான். இதனைச் சொன்னவன் பல மாதங்களாகக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவன் என்பது நமக்கு உறைத்தது. ஒன்றும் சொல்லவில்லை.

நம்மை நெடுநாள் நிறுத்திவைத்தவன் காப்ரா என்னும் அரக்கன். ஆட்டு மண்டையோடு போன்ற தலை. இரு கைகளிலும் பெரும் கத்தி. பனிமூட்டம் போன்ற வாயிலைக் கடந்து நுழைந்தால் நாற்புறமும் சுவர் சூழ்ந்த சிறு முற்றம். நுழைந்த கணமே இரு நாய்கள் பாயும். அரக்கன்மீது கண் வைத்தால் நாய்கள் நம்மைக் குதறும். நாய்களைக் கவனித்தால் அரக்கனின் கத்தி விழும். நாம் ஒவ்வொரு முறையும் அரக்கனையே பார்த்தோம். பெரியவன் அவன்தானே! பையன் சொன்ன வழி வேறு: அரக்கனை மறந்துவிட்டு இடப்பக்கப் படிக்கட்டில் ஏறிவிடுங்கள்; பின்தொடரும் நாய்களை அங்கே முடியுங்கள்; அரக்கன் அதன்பின் தனியன்.

அன்றிரவு மின்சாரம் தடைப்பட்டது. மொட்டைமாடியில் அமர்ந்திருந்தோம். "உனக்கு எந்தத் தாள் கடினம்?" என்று கேட்க வாயெடுத்தோம். அதுவே வழக்கமான கேள்வி. வீட்டில் அனைவரும் அதையே கேட்டிருந்தனர். அடக்கிக்கொண்டு, "தாள்களைத் தவிர வேறென்ன இருக்கிறது?" என்றோம். நெடுநேரம் விடையில்லை. பின்னர் மெல்லச் சொன்னான். அவன் படிப்பிற்காகத் தந்தை வாங்கிய கடனுக்கு வங்கியிலிருந்து வந்த கடிதத்தை அவன் படித்திருக்கிறான். அதுபற்றித் தாயும் தந்தையும் இரவில் தாழ்ந்த குரலில் பேசியதையும் கேட்டிருக்கிறான். உடன்படித்தோர் வேலைக்குச் சென்றபின் அவர்களின் அழைப்பை எடுக்க நாணியிருக்கிறான். புத்தகத்தைத் திறந்தால் இவையே முன்னால் வந்து நின்றன. நாம் அனைவரும் அந்த மூன்று தாள்கள்மீதே கண்ணைப் பூட்டியிருந்தோம். அவனைக் குதறிய நாய்களை ஒருவரும் கண்டிலோம்.

அவ்விளையாட்டில் 'ஹாலோ' என்றொரு சொல் உண்டு. உள்ளீடற்றவன் என்பது பொருள். சாவில்லாச் சாபம் பெற்றோர் நம்பிக்கை இழந்து, நோக்கமின்றிப் போகும்போது அறிவழிந்து அந்நிலையை அடைகின்றனர். நாம் வெட்டி வீழ்த்தும் பகைவருட் பலர் அத்தகையோரே. பலமுறை மாள்வதால் மட்டும் ஒருவன் தோற்றுவிடுவதில்லை. எழுந்து வர மனமில்லாதபோதே தோற்கிறான் என்று அவ்விளையாட்டு ஓயாமல் உணர்த்துகிறது.

மறுநாள் காலையில் தமக்கையாரையும் அவர் கணவரையும் தனியே அழைத்துப் பேசினோம். கடனைப் பற்றித் தந்தையே மகனிடம் நேரிற் சொன்னார். தொகை பெரிதுதான், ஆயினும் அவன் இருட்டில் எண்ணிக்கொண்டிருந்த அளவினும் சிறிது. அன்று மாலையே நாம் காப்ராவை வென்றோம் என்று எழுத ஆசைதான். உண்மையில் மேலும் நான்கு நாள் பிடித்தது. ஐந்தாம் நாள் படிக்கட்டில் நாய்களை முடித்து, மேலிருந்து அரக்கன்மீது பாய்ந்து வீழ்த்தியபோது பையன் கைதட்டிச் சிரித்தான். அடுப்படியிலிருந்து தமக்கையார் ஓடிவந்தார், திரையைப் பார்ப்பதற்கன்று.

இவ்விளையாட்டை இயக்கிய ஹிடெடாக்கா மியாசாக்கி நேர்காணலில் கூறிய நிகழ்ச்சி ஒன்றைப் பையன் நமக்குச் சொன்னான். கடும்பனி பெய்தபின் மலைச்சரிவில் அவர் கார் ஓட்டிச் சென்றார். முன்சென்ற வண்டி ஏற முடியாமல் நின்றது, பின்னிருந்தவையும் நின்றன. அப்போது பின்வண்டி முன்வண்டியைத் தள்ள, ஒவ்வொன்றாக மேடேறின. அவர் வண்டியும் ஏறியது. இறங்கி நன்றி சொல்ல நின்றால் மீண்டும் சிக்கிக்கொள்ளும். எனவே நிற்காமல் போனார். வரிசையின் கடைசி வண்டியில் இருந்தவர் வீடு சேர்ந்திருப்பாரா என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. 2009இல் வெளிவந்த 'டீமன்ஸ் சோல்ஸ்' விளையாட்டில் முன்பின் அறியாத ஒருவர் வந்து துணைநின்று, போர் முடிந்ததும் மறையும் முறை அவ்வாறு பிறந்தது. டார்க் சோல்ஸிலும் அது தொடர்கிறது.

பிள்ளைகள் நாள்முழுதும் திரைமுன் கிடக்கலாம் என்று நாம் கூறவில்லை. குருதி சிந்தும் விளையாட்டு சிறுவர்க்கு ஏற்றதும் அன்று. ஆயினும் கதவைச் சாத்திய பிள்ளை உங்கள் வீட்டிலிருந்தால், அவன் கையிலுள்ளதைப் பிடுங்குமுன் ஒருநாள் அவனருகில் அமர்ந்து தோற்றுப் பாருங்கள்.

நம் மருமகன் சென்ற பருவத்தில் ஒரு தாளை மட்டும் எழுதித் தேறினான். இன்னும் இரண்டு உள்ளன. அவன் உடன்படித்த பழைய நண்பன் ஒருவன் ஞாயிறுதோறும் வந்து சொல்லிக்கொடுக்கிறான். அழைத்தவன் மருமகனே.