மார்த்தாண்டத்தில் ஒரு மெழுகுப் புட்டு!

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில், சுமார் 30 கிலோமீட்டரில் வருகிறது மார்த்தாண்டம். ஊரின் தலைக்கு மேலே நீளமாக ஓடும் மேம்பாலத்தைத்தான் இப்போது எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். பாலத்துக்குக் கீழே, கடைத்தெருவில் இறங்கி நடந்தால்தான் இந்த ஊரின் பழைய பெருமை கண்ணில் படும். அது தேன்.

1920-களில், இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தபோது, ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் இங்கே ஒய்.எம்.சி.ஏ. சார்பில் கிராம மறுசீரமைப்பு மையம் நடத்தினார். கோழி வளர்ப்பு, நெசவு என்று பல தொழில்களை ஊர்க்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவற்றில் மண்ணோடு ஒட்டிக்கொண்டது தேனீ வளர்ப்பு. நியூட்டன் பாதிரியார் நம் நாட்டுத் தேனீக்கென்று வடிவமைத்த சின்ன மரப்பெட்டிதான் இன்றும் இங்குள்ள தோப்புகளில் நிற்கும் பெட்டிகளுக்கு மூதாதை.

இந்த ஊர்த் தேனில் ஒரு வேடிக்கை உண்டு. பெரும்பகுதி பூவில் இருந்து வருவதில்லை! ரப்பர் மரம் டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்த்துத் துளிர்விடும். மூன்று சிற்றிலைகள் சேரும் காம்பின் நுனியில் இருக்கும் சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். தேனீக்களுக்கு அதுதான் விருந்து. அருமனை, களியல், குலசேகரம் பக்கமெல்லாம் ரப்பர்தான். போதாததற்கு லாரியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கேரளத்து ரப்பர் தோட்டங்களுக்கும் போய் வருகிறார்கள்.

தேனைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் போனது மெழுகைப் பார்க்க.

ஒரு கிலோ மெழுகு சுரக்க, தேனீக்கள் ஆறு முதல் எட்டு கிலோ தேனைச் சாப்பிட வேண்டும் என்பது தேனீ வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு. இளம் வேலைக்காரத் தேனீயின் வயிற்றுக்கு அடியில் நான்கு ஜோடி மெழுகுச் சுரப்பிகள் இருக்கின்றன. அங்கே செதில் செதிலாக வருவதை வாயால் மென்று, அடை கட்டுகிறது. அவ்வளவு விலை கொடுத்துக் கட்டிய பழைய அடைகள், பல வீடுகளில் சாக்கில் கட்டப்பட்டு மாட்டுக்கொட்டில் மூலையில் கிடக்கின்றன. சில வாரங்களில் மெழுகு அந்துப்பூச்சி புகுந்து, நூலாம்படையும் எச்சமுமாக ஆக்கிவிடும். பிறகு குப்பைக்குழிதான்.

ஏன் உருக்குவதில்லை? “நேரம் யாருக்கு இருக்கு? வீடெல்லாம் நாத்தம், பானையெல்லாம் பிசுக்கு” என்றார் மேம்பாலத்துக்குக் கீழே தேன் விற்கும் ஒரு அண்ணாச்சி. அவர்தான், அருமனை போகும் வழியில் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பினார்.

அந்த வீட்டு அக்காவிடம் நூறு பெட்டிகள் இருக்கின்றன. கணவர் பால்வெட்டுக்குப் போகிறார். பெட்டிகளை அக்காதான் கவனித்துக்கொள்கிறார். “வாங்க, இருங்க. காப்பி குடிச்சிட்டுப் பாக்கலாம்” என்று உட்கார வைத்துவிட்டு, பின்கட்டில் இருந்து ஒரு எவர்சில்வர் பாத்திரத்தைத் தூக்கி வந்தார். மூன்று அடுக்கு. “எங்க ஊரு புட்டுக்கொடம் இருக்குல்லா, அதே சங்கதிதான் பாத்துக்கிடுங்க. கீழ தண்ணி, மேல மாவுக்குப் பதிலா அடை.”

உள்ளூர் லேத் பட்டறையில் சொல்லிச் செய்தது. கீழடுக்கில் தண்ணீர் கொதிக்கிறது. நடு அடுக்கின் தரை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. அதன் நடுவில் ஒரு குழல், நீராவி மேலே போக. குழலின் தலையில் குடை மாதிரி ஒரு சின்ன மூடி, உருகிய மெழுகு தண்ணீருக்குள் சொட்டாமல் இருக்க. மேலடுக்கு, ஓட்டை போட்ட கூடை. அதில் மெல்லிய துணி விரித்து அடைகளைப் போட்டு மூடினால், நீராவி எல்லாப் பக்கமும் சூழ்ந்து உருக்குகிறது. மெழுகு நடு அடுக்கில் இறங்கி, சரிவின் கடைசியில் உள்ள குழாய் வழியாக வாளியில் விழுகிறது. தோலும் தூசியும் கூடையிலேயே தங்கிவிடுகின்றன.

இதற்கு முன்பு அக்காவும் மற்றவர்கள் செய்வதைத்தான் செய்தாராம். அடையைச் சாக்கில் கட்டி, கல்லை வைத்து, அண்டாவில் கொதிக்கவிடுவது. அப்படிச் செய்தால் மெழுகு மேலே மிதந்து ஆறிய பிறகு கட்டியாகும், உண்மைதான். ஆனால் கிணற்றுத் தண்ணீர் கடினமாக இருந்தால், மெழுகு சோப்பு போலக் கலங்கி, பொதபொதவென்று ஆகிவிடும். மழைநீர்தான் நல்லது. இரும்பு, பித்தளை, செம்புப் பாத்திரங்கள் நிறத்தைக் கெடுக்கும். எவர்சில்வர் அல்லது அலுமினியம்தான் வேண்டும்.

கண்ணாடி மூடிய சாய்வுப் பெட்டியை வெயிலில் வைத்து உருக்கும் முறையும் உண்டு. செலவே இல்லை. மார்ச், ஏப்ரல் வெயிலில், தேன் எடுக்கும்போது சீவுகிற வெள்ளை மூடி மெழுகுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் புழு வளர்ந்த கறுப்பு அடைக்கு அது சரிப்படாது. ஒவ்வொரு அறையிலும் புழு விட்டுச் சென்ற தோல் பஞ்சு மாதிரி மெழுகை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலும், கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. ஜூனில் வானம் மூடினால் சூரியனை நம்ப முடியாது.

ஆன்லைனில் வெளிநாட்டு மெழுகு உருக்கிகள் கிடைக்கின்றனவே, ஒன்றை வாங்கிவிடலாமா என்று கேட்டேன். அக்கா சிரித்தார். அந்த இயந்திரங்கள் லாங்ஸ்ட்ராத் சட்டங்களை அப்படியே உள்ளே நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டவை. அந்தச் சட்டத்தின் மேல்கட்டை மட்டுமே 48 செ.மீ. நம் நியூட்டன் பெட்டியின் அடை சுமார் 20 செ.மீ. நீளம், 14 செ.மீ. உயரம்தான். நாலு பேர் இருக்கும் வீட்டில் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றுவது போல, பாதி நீராவி வெற்றிடத்தைச் சூடாக்கவே போய்விடும். அடையைச் சட்டத்தில் இருந்து அறுத்துக் கூடையில் போடும் நமக்கு, 20, 25 லிட்டர் பாத்திரமே தாராளம்.

பட்டறையில் சொல்லிச் செய்வதாக இருந்தால், அக்காவின் பாத்திரத்தில் நான் கவனித்த சில விஷயங்களை மறக்காதீர்கள். மெழுகு இறங்கும் குழாய் முக்கால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அதில் திருகு குழாயும் வேண்டாம். மெழுகு சுமார் 63 டிகிரியில் உருகும், அதற்குக் கீழே உறையும். திருகில் உறைந்து அடைத்துக்கொண்டால் தலைவலி. மூடியை இறுக்கிப் பூட்டவே கூடாது. நீராவிக்கு எப்போதும் ஒரு வழி திறந்திருக்க வேண்டும். வாளி அடுப்பை விட்டுத் தள்ளி இருக்கும்படி குழாய் நீளமாக இருக்கட்டும். மெழுகு தீயில் சிந்தினால் குபீரென்று பற்றிக்கொள்ளும். இதே காரணத்தால்தான், மெழுகை வெறும் சட்டியில் போட்டு நேரடித் தீயில் உருக்கவே கூடாது. கீழடுக்கில் தண்ணீர் வற்றிவிடாமல் அவ்வப்போது பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

கறுப்பு அடைகளை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டுவிடுகிறார் அக்கா. தோல் தண்ணீரைக் குடித்துவிட்டால், மெழுகைக் குடிக்க இடம் இருக்காது! வெந்து முடிந்ததும் துணியோடு சேர்த்து, சூடு ஆறுவதற்குள் இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து நெருக்கினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். வாளியில் முன்பே சிறிது வெந்நீர் ஊற்றி வைத்து, மெழுகு விழுந்ததும் சாக்கால் போர்த்திவிட வேண்டும். மெதுவாக ஆறினால்தான் அழுக்கு அடியில் தங்கும். மறுநாள் கட்டியைத் தலைகீழாகத் தட்டி, அடியில் ஒட்டியதைக் கத்தியால் சீவிவிடலாம்.

வேலை முழுக்க இருட்டிய பிறகுதான். பகலில் செய்தால் அந்த வாசனைக்கு நூறு பெட்டித் தேனீயும் பின்கட்டுக்கு வந்துவிடும்.

நான் பார்த்த அன்று, மஞ்சள் கட்டி ஒன்றை என் கையில் கொடுத்தார். ரப்பர் பாலின் புளித்த நெடி வீசும் அந்த முற்றத்தில், அதிலிருந்து மட்டும் தேனும் பூந்தாதுவும் கலந்த மணம். நம் இந்தியத் தேனீ, இத்தாலியத் தேனீயைப் போல மரப்பிசின் சேர்த்துப் பூசுவதில்லை. அதனால் மெழுகு இவ்வளவு தெளிவு.

கணக்கையும் பார்த்துவிடலாம். நூறு கிலோ தேன் எடுத்தால், சீவிய மூடி மெழுகு மட்டும் ஒன்று முதல் இரண்டு கிலோ தேறும் என்பார்கள். பெட்டிக்குப் பத்து கிலோ தேன் என்று வைத்துக்கொண்டால்கூட, நூறு பெட்டிக்குப் பத்து, இருபது கிலோ மெழுகு. பழைய அடைகள் தனி. கோடீஸ்வரர் ஆக முடியாதுதான். ஆனால் மழைக்காலத்தில் பூவே இல்லாதபோது தேனீக்களுக்குச் சர்க்கரைப்பாகு வைக்க வேண்டுமே, அந்தச் செலவுக்கு இது கை கொடுக்கிறது. “அதுங்க மெழுகு, அதுங்களுக்கே சக்கரை” என்றார் அக்கா.

பணத்தைத் தாண்டியும் ஒரு காரணம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்கத் தேனீக் கூட்டங்களை அழித்தபோது, இந்தப் பகுதியில் காலிப் பெட்டிகள் விறகாயின. அந்த அடி வாங்கிய தலைமுறை, பழைய அடையைப் பெட்டியில் வைத்திருக்க அஞ்சுகிறது. இந்தியத் தேனீக்கும் பழைய அடை பிடிக்காது. தானே கடித்துக் கீழே தள்ளும், அந்தத் தூளில் அந்துப்பூச்சி முட்டையிடும், தொல்லை தாங்காமல் கூட்டமே பெட்டியை விட்டுப் பறந்துவிடும். உருக்கத் தோதான பாத்திரம் கையில் இருந்தால், அடையை மாற்றுவதற்கு யோசிக்க மாட்டோம்.

மெழுகு எங்கே போகிறது? புதிய அடை கட்ட வழிகாட்டும் மெழுகுத் தாளுக்கு, அழகுசாதனப் பொருட்களுக்கு, தேவாலய மெழுகுவத்திக்கு. சுவாமிமலைக்கும்தான்! அங்கே ஐம்பொன் சிலை வார்ப்பதற்கு முன், ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துத்தான் முதல் உருவத்தைச் செய்கிறார்கள்.

மெழுகு வாங்குவதாக இருந்தால் முகர்ந்து பாருங்கள். பாரஃபின் கலந்ததில் தேன் மணம் இருக்காது, நகத்தால் கீறினால் வழுக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இங்கே தேன் சீசன். குழித்துறை ரயில் நிலையம் பக்கத்திலேயே. குழந்தைகளோடு போனால் மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் பார்த்துவிடலாம். தேனீ வளர்க்கும் வீடுகளுக்குக் காலையில் போனால் பெட்டியைத் திறந்து காட்டுவார்கள். மெழுகு உருக்குவதைப் பார்க்க வேண்டும் என்றால், முன்கூட்டியே சொல்லிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போங்கள்.