திருச்செந்தூரில் ஒரு நேர்த்திக்கடன்

எங்கள் கான்சாபுரம் மலையடிவாரத்து ஊர். எழுபது வயதாகும் என் மாமியார் இதுவரை கடலையே பார்த்ததில்லை. ஆனால் திருச்செந்தூர் முருகனுக்கு ஒரு கடன் மட்டும் பாக்கி வைத்திருந்தார்.

என் கடைக்குட்டி ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது வயிற்றுப்போக்கில் துவண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைத்தால் செந்தூரில் முடியிறக்குவதாக அத்தை நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான், பயணம்தான் தள்ளிக்கொண்டே போயிற்று. இப்போது அவன் ஏழாம் வகுப்பு. "மொட்டை போட்டா பசங்க கேலி பண்ணுவாங்க, மாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். அப்பா அதட்டினார், நான் கெஞ்சினேன். அத்தை மட்டும் வாய் திறக்கவில்லை.

சங்கரன்கோவில், திருநெல்வேலி வழியாக பஸ் பிடித்து விடியற்காலையில் போய்ச் சேர்ந்தோம். அறுபடை வீடுகளில் கடலோரம் இருப்பது இது ஒன்றுதான். கிழக்கே கடல் என்பதால் ஒன்பது நிலை ராஜகோபுரம் மேற்கே நிற்கிறது. உயரம் 137 அடி. 2025 ஜூலை 7-ல் கும்பாபிஷேகம் நடந்தது.

முடிக்காணிக்கை இடத்துக்கு வந்ததும் அத்தை முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். "நேந்துக்கிட்டவ நான். புள்ளைய ஏன் அழ வைக்கணும்? என் முடிய எடுங்க" என்றார். நாங்கள் வாயடைத்து நின்றோம். வெள்ளை முடி மடியில் விழ விழ, என் மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

கடலில் இறங்கும்போது அவனே ஓடிவந்து, "அப்பத்தா, என் கையைக் கெட்டியாப் புடிச்சுக்கோ" என்றான். முதல் அலை காலில் மோதியதும் அத்தை குழந்தை மாதிரி சிரித்தார். பிறகு நாழிக்கிணற்றில் குளித்தோம். கடலுக்கு இத்தனை அருகில், அந்தச் சின்னக் கிணற்றில் உப்புக் கரிக்காத நல்ல தண்ணீர்!

17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கோயிலைப் பிடித்துச் சண்முகர் சிலையைக் கொண்டுபோனார்களாம். புயல் வரவே கடலில் போட்டுவிட்டார்கள் என்றும், 1653-ல் வடமலையப்ப பிள்ளை அதை மீட்டுவந்தார் என்றும் சொல்கிறார்கள். கொண்டுபோனது திரும்பி வந்த கதையைக் கேட்டு அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். கிழக்கு நோக்கி நிற்கும் முருகனைத் தரிசித்து, பன்னீர் இலையில் விபூதி வாங்கினோம்.

போகிற சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. மொட்டை போடும்போது புது பிளேடா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கீறல் பட்டிருந்தால் கடல் நீர் எரியும். நல்ல தண்ணீரில் அலசிவிட்டுச் சந்தனம் தடவுங்கள். குழந்தைகளையும் வயதானவர்களையும் முழங்காலளவுக்கு மேல் தண்ணீரில் விடாதீர்கள். கைக்குழந்தைக்கு வீட்டிலிருந்தே காய்ச்சி ஆறிய தண்ணீர் எடுத்துப் போங்கள்.

ஊருக்கு வந்த மறுநாள் தெருப்பிள்ளைகள் அத்தையின் தலையைப் பார்த்துச் சிரித்தார்கள். "எங்க அப்பத்தாவ யாருடா சிரிக்கிறது?" என்று வாசலில் போய் நின்றவன் யார் தெரியுமா? என் கடைக்குட்டிதான்!