தஞ்சை விமானமும் அளவை நெறியும்

அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியார் சுபக்கம், பாயிரம் கழிந்தவுடன் அளவை இலக்கணத்தை எடுத்தோதிப் பின்னரே பதி முதலிய பொருள்களுட் புகுகின்றது. மெய்ப்பொருளை உணர்த்தப் புகுவார், அதனை அறிதற்குரிய கருவியை முன்னர்த் தூய்மை செய்துகொள்ளுதல் வேண்டும் என்பது ஆசிரியர் கருத்தாம். காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள்ளும் ஒவ்வொன்றற்கும் உரிய எல்லை உண்டு. கண்ணாற் கண்டு துணியத்தக்கதனைக் கேள்வியளவில் நின்று சாதித்தலும், உரையால் உணரத்தக்கதனைக் கண்ணாற் காட்டுக எனக் கேட்டலும் ஒருங்கே வழுவாகும்.

அளவை என்னுஞ் சொல்லோ தமிழில் இருவகையாக வழங்குவது. முழக்கோலும் துலாக்கோலும் மரக்காலும் அளவையே; மெய்ம்மை காணும் பிரமாணமும் அளவையே. இவ்விருவகை அளவையும் ஓரிடத்தே பொருந்தி நிற்கக் காண விரும்பும் அன்பர், தஞ்சையில் இராசராசேச்சரத்தின் திருமுன்றிலிற் சென்று நிற்பாராக.

தைத் திங்களில் ஒருநாட் காலை, சிவபூசையில் முறுகிய பற்றுடைய முதியவர் ஒருவர், பத்தாண்டு நிரம்பாத தம் பெயரனை அத்திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். வழிநெடுகிலும் அவர் அவனுக்கு விமானத்தின் பெருமையையே கூறிவந்தார். அதன் நிழல் நிலத்தில் விழாது என்றார். உச்சியில் உள்ளது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்றார். பெருவுடையாரை வணங்கிப் பின் வலம் வருங்கால், இருவரும் மேலைத் திருமுற்றத்தை அடைந்தனர். இளஞாயிறு கீழ்பால் நின்றமையின், விமானத்தின் நீழல் அம்முற்றம் முழுதும் நீண்டு கிடந்தது. சிறுவன் அந்நிழலின்மீதே நின்று, "தாத்தா, நிழல் விழுகின்றதே!" என்றான். முதியவர் விடை கூறாது நடந்தார். சிறிது நேரங் கழித்து அவன், "சிறுத்தொண்டர் கதையும் இப்படித்தானா, தாத்தா?" என்று வினாவினான்.

அவ்வினா அம்முதியவரை வாள்போல் அறுத்தது. முன்னைநாள் இரவிலேதான் சீராளரை இறைவன் மீட்டளித்த வரலாற்றை அவர் அவனுக்குக் கூறியிருந்தார். வேண்டாத ஒரு பொய், வேண்டுவதாகிய ஒரு மெய்யின் வேரை அசைத்துவிட்டது. விமானத்தை உயர்த்துவதாக எண்ணி அவர் கூறிய சொல், குழந்தையின் நெஞ்சில் அடியாரைத் தாழ்த்துதற்கு ஏதுவாயிற்று. இஃது ஒருவர்க்கு மட்டும் நேர்ந்த இடர் அன்று. கோயிற் சிறப்பை மிகைப்படக் கூறுவார் அனைவர்க்கும் என்றேனும் ஒருநாள் நேர்வதே. ஆகலின், இவ்விமானத்தின் உண்மைச் சிறப்பு இன்னதென ஆராய்ந்து கொள்ளுதல் அன்பர்க்குக் கடனாகின்றது.

முதற்கண் நிழலைப் பற்றி நோக்குவாம். விமானத்தின் அடித்தளம் பக்கம் ஒன்றுக்கு ஏறத்தாழ 100 அடி. உயரம் ஏறத்தாழ 200 அடி. அடியில் அகன்று மேற்செல்லச் செல்ல ஒடுங்கும் வடிவினது. தஞ்சையோ நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 11 பாகைக்கு உட்பட்டது. ஆதலின் பங்குனி தொடங்கி ஆவணி முடியவுள்ள திங்கள்களில் உச்சிப்போதில் ஞாயிறு ஏறக்குறைய தலைக்கு நேரே நிற்க, உச்சியின் நிழல் விமானத்தின் அடிப்பரப்பிற்குள்ளேயே அடங்கிவிடுகின்றது. இதனைக் கண்டாரே நிழல் விழாது எனக் கூறினராதல் வேண்டும். காலையில் மேற்கேயும், மாலையில் கிழக்கேயும், மார்கழி உச்சிப்போதில் வடக்கேயும் அந்நிழல் புறத்தே நீண்டு விழுதலை யாரும் காணலாம். ஒரு பொழுதிற் கண்டதனை எப்பொழுதிற்கும் ஏற்றியுரைத்தமையே இங்குப் பிழையாயிற்று. காட்சி பிழைபட்டதன்று, கருதல் தன் எல்லை கடந்தது.

இனி உச்சிக் கல்லைப் பற்றிய செய்தி. எண்பட்டை வடிவாய் விளங்கும் அச்சிகரம் ஒரே கல்லால் ஆயதன்று. சுளைகளைப் பொருத்தினாற்போலப் பல கற்களைச் செவ்விதின் இணைத்து ஆக்கப்பெற்றது. ஒரு கல்லென மயங்குமாறு பல கற்களை இசைத்த தச்சர் திறம், ஒரு பெருங்கல்லை இழுத்தேற்றிய வலிமையினும் குறைந்ததாமோ? வலிமை யானைக்கும் உண்டு; இசைவு அறிவுடையார்க்கே உரித்து.

அவ்வறிவு எத்தகையது என்பதை விமானத்தின் உள்ளமைப்பே காட்டும். கருவறையைச் சூழ்ந்து ஓர் உட்சுவரும், அதற்குப் புறத்தே மற்றொரு பெருஞ்சுவரும் நிற்கின்றன. இரண்டற்கும் இடையே ஒரு சுற்றுவழி உளது. அதன் மேலேயும் அவ்வாறே இரண்டாம் நிலையில் ஒரு சுற்றுவழி உளது. மேற்சென்றதும், கல்வரி ஒவ்வொன்றும் தன் கீழ்வரியினும் சிறிது முன்னீண்டு பிதுங்குமாறு அடுக்கப்பெற்று, இருபாற் சுவர்களும் ஒன்றையொன்று அணுகி இணைகின்றன. அவ்வாறு இணைந்து ஒன்றாகிய அடிமீதே 13 நிலைகளையுடைய விமானம் எழுகின்றது. ஆகவே மேலுள்ள பெரும்பாரம் ஒரு சுவரிற் குவியாது இரண்டிடத்தும் பகிரப்பட்டு நிலத்திற்கு இறங்குகின்றது.

கருவறைக்கு மேலே விமானத்தின் அகம் கல்லால் நிரப்பப்பட்டதன்று. மேனோக்கிக் குறுகிச் செல்லும் வெறுவெளியாய் உள்ளது. பாரங் குறைதற்கு இது பெரிதும் துணையாகின்றது. கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இவ்வியல்பை நன்குணர்ந்த தச்சர், எக்கல்லும் இழுப்புக்கு ஆளாகாது தன்மேல் அமர்ந்த கல்லின் பாரத்தாலேயே நிலைபெறுமாறு அமைத்தனர். சுண்ணச் சாந்தின் பிணிப்பையும் அவர் வேண்டினாரல்லர். பாரமே பிணிப்பாயிற்று. காவிரியின் வண்டல் நாட்டிற் கருங்கல் மலை இல்லை. புதுக்கோட்டைப் பக்கத்துக் குன்றுகளிலிருந்தே இக்கற்கள் கொணரப்பட்டன என்பர் ஆராய்ச்சியாளர். அவ்வளவு தொலைவிலிருந்து வந்த கற்கள், ஆயிரம் ஆண்டு கடந்தும் தத்தம் இடம் பெயராது நிற்கின்றன.

மற்றொரு கூற்றும் பிற்காலத்தே பரவிவருகின்றது. இலிங்கத் திருமேனி 12 அடி, பீடம் 18 அடி, விமானம் 216 அடி, இலிங்கத்திற்கும் நந்திக்கும் இடைப்பட்ட தொலைவு 247 அடி. இவை முறையே உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் தமிழெழுத்தின் தொகையுமாம் என்பது அது. தமிழ்ப்பற்றினால் எழுந்த இக்கூற்று செவிக்கு இனிது. ஆயினும் அளவைக்கு முன் நில்லாது. பன்னிரண்டு அங்குலங்கொண்ட அடி ஆங்கிலேயரோடு வந்த அளவு. இராசராச தேவர் காலத்துத் தச்சர் அக்கோலைக் கையாற் றொட்டவரல்லர். அவர் அளந்தது விரலாலும் சாணாலும் முழத்தாலும் கோலாலுமே. அன்றியும், இன்று நாம் வணங்கும் பெருநந்தி நாயக்கர் காலத்தது. தாம் வைத்திராத நந்திக்குத் தொலைவு வகுத்தல் அம்மன்னர்க்கு எங்ஙனம் இயலும்? தமிழின் பெருமை இத்தகைய முட்டுக்கால் வேண்டி நிற்பதன்று. திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தற்கு 48 பிடாரரையும், உடன் உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிப்பார் ஒருவரையும் நியமித்து, ஆளுக்கு நாடோறும் மூன்று குறுணி நெல் அளக்குமாறு அம்மன்னர் கல்லில் வெட்டுவித்தனரே, அதுவே அக்கோயிலில் தமிழுக்குக் கிடைத்த மெய்யான அரியணை.

அந்நெல் அளந்த மரக்காலின் பெயர் யாது? ஆடவல்லான் என்பதாம். கோயிற்குக் கொடுத்த பொன்னை நிறுத்த கல்லின் பெயரும் ஆடவல்லான் என்பதே. மணிகள் இழைத்த அணிகலங்களை நிறுத்த கல்லின் பெயர் தட்சிணமேரு விடங்கன். நிறைகல்லுக்கும் மரக்காலுக்கும் இறைவன் திருப்பெயரை இட்டு வழங்கிய அக்காலத்தார் உள்ளத்தை அன்பர்கள் ஊன்றி நோக்குக. அளவு குறைதலும் மிகுதலும் அவர்க்குக் கணக்குப் பிழையாக மட்டும் தோன்றியிரா. கூத்தப்பெருமான் பெயரைப் பொய்யாக்குதலாகவே தோன்றியிருக்கும். அணிகலங்களை நிறுத்தபோது கோத்த சரட்டின் எடையை நீக்கிக் கணக்கிட்டனர். அரக்குச் சேர்ந்திருந்த இடத்து அதனையுங் கல்லிற் குறித்தனர். பொன்னோடு நூலிழையின் எடையும் கலந்து எழுதப்படுதலை அவர் பொறுத்திலர்.

விமானத்தின் உச்சிக்கும் இவ்வாறே கணக்குண்டு. இராசராச தேவர் தம் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அஃதாவது கி.பி. 1010-இல், தூபித்தறியில் வைத்தற்கெனக் கொடுத்த செப்புக்குடம் 3083 பலம். அதன்மேற் போர்த்த பொன் 2926½ கழஞ்சு. அரைக் கழஞ்சையும் விடாது எழுதினர். அவ்வுச்சிக்குக் கீழே 80 டன் என்று கூசாது கூறுகின்ற நாம், அந்த அரைக் கழஞ்சின் முன் தலைகுனிதல் வேண்டும்.

முடியாததனை முடிந்ததாகக் காட்டும் வழக்கமும் அங்கில்லை. மேனிலைச் சுற்றுவழியிற் சிவபெருமானே ஆடிக்காட்டும் கரணங்கள் 108-இல் 81 செதுக்கப்பெற்றுள்ளன. எஞ்சிய 27-க்கு உரிய கற்கள் உருவம் பெறாது வெறுமையாய் நிற்கின்றன.

புனைந்த கதை புகழைக் கூட்டும் என்பார், அது புகழை மறைத்த வரலாற்றையும் அறிந்துகொள்ளல் நலம். இக்கோயிலை எடுப்பித்தவர் யார் என்பதே நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. பிற்காலத்துத் தலபுராணம் அதனைக் கரிகாலன் என்னும் மன்னன் செயலாகக் கூறிற்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இங்குள்ள கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்ட பின்னரே, இராசராச தேவர் பெயர் ஐயத்திற்கு இடமின்றி விளங்கிற்று. அவர் மட்டுமோ! வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயரும் அக்கற்களிலேயே உளது. கதை மறைத்த பெயர்களைக் கல் மீட்டுக் கொடுத்தது. தம் பெயரோடு தமக்கையார் குந்தவையார் கொடுத்தனவும், பெண்டுகள் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் ஒருங்கே வெட்டப்பெறுக எனப் பணித்த மன்னர், பிறர் பங்கைத் தம் பங்கிற் கலக்க விரும்பாதவர் என்பதும் அதனால் விளங்கிற்று.

இனி அம்முதியவரிடத்து மீள்வாம். வடபால் முற்றத்தை அடைந்ததும் அவர் ஒரு நிழலிடத்தே அமர்ந்து, பெயரனைத் தம் அருகில் இருத்திக்கொண்டார். "அப்பா, நிழலைப் பற்றி நான் சொன்னது தவறு. கேட்டதைச் சொன்னேன், பார்த்துச் சொல்லவில்லை. நீ பார்த்தாய், உன் காட்சியே சரி" என்றார். பின்னர், சுவரில் உள்ள கல்லெழுத்தைக் காட்டி மேலும் கூறினார்: "சிறுத்தொண்டரைப் பற்றிக் கேட்டாயல்லவா? இந்தக் கோயிலின் காரியம் பார்த்த ஆதித்தன் சூரியன் என்பவர், சிறுத்தொண்ட நம்பிக்கும் சீராள தேவர்க்கும் செப்புத் திருமேனி செய்து வைத்தார். ஒவ்வொரு திருமேனியும் எத்தனை விரல் உயரம் என்று அளந்து எழுதினார். விரற்கடையையும் பொய்யாமல் எழுதிய அவர், அடியார் வரலாற்றைப் பெரியோர் உரைவழி நின்று மெய்யென வணங்கினார். அளக்க வேண்டியதை அளந்தார். வணங்க வேண்டியதை வணங்கினார். நான் இரண்டையும் குழப்பிவிட்டேன்."

சிறுவன் அண்ணாந்து விமானத்தை நோக்கி, நிலைகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினான். எட்டாம் நிலையில் எண்ணிக்கை தவறவே, மீண்டும் முதலிலிருந்து எண்ணினான். முதியவர் தாமே விடை கூற வாயெடுத்து, பின்னர் அடங்கினார். அவன் எண்ணி முடிக்குந்துணையும் இருவரும் அவ்விடத்தே இருந்தனர்.

கோயிற் சிறப்புரைப்பார்க்கு இம்முதியவர் கண்ட நெறியே அமையும். கண்டதைக் கண்டவாறும், கணக்கிட்டதைக் கணக்கிட்டவாறும், பெரியோர் உரைத்ததை உரையென்றே கூறியும் ஒழுகின், உரையின்மேல் ஐயம் எழுதற்கு இடமில்லை. ஆடவல்லான் என்னும் பெயர் தாங்கிய கல்லால் நிறுத்துக் கொடுத்த பொன்னுக்கு நாம் இன்று செய்யத்தக்க கைம்மாறு, அக்கோயிலைப் பற்றிப் பேசும் சொல்லையும் அக்கல்லாலேயே நிறுத்துப் பேசுதலாம். சரடு நீக்கி நிறுத்த பொன்போல், கட்டுக்கதை நீக்கிக் கூறும் புகழே பெருவுடையார் திருமுன் வைத்தற்குரியது.